பதிவேட்டில் இல்லாத காளியம்மாள்

புதிதாகத் துறையில் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் வணக்கம். ஒரு மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று துறைத் தலைவர் கூப்பிட்டார். மேடை ஏறினால் எனக்கு வாய் நிற்காது. ஒரு மணி நேரம் மூன்றாகும், நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எழுதியே தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சலித்தால் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்குத் தெரியப்போவதில்லை.

முப்பத்தோரு வருடம் மேலாண்மை கற்பித்தேன். மாதிரி எடுப்பது, புள்ளியியல் போடுவது, கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது, இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் வாயைத் திறந்தால் நீங்கள்தான் திருத்த வேண்டியிருக்கும். நான் சொல்லப்போவது நான் விழுந்த இடங்களை. விழுந்தது இரண்டு தரம், அதுவும் ஏறக்குறைய ஒரே பள்ளத்தில்.

முதல் தரம், நான் சேர்ந்த புதிது. காரைக்குடிக் கடைவீதியில் வாடிக்கையாளர் சேவை பற்றி ஓர் ஆய்வு. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று தொடங்கி 'சிறிதும் உடன்படவில்லை' என்று முடியும். இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்பதுக்கும் முற்றிலும் உடன்பட்டு டிக் அடித்துக் கொடுத்தார். இரண்டு கேள்விகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதைக் காட்டினேன்.

"அம்புட்டு வெயில்ல நடந்து வந்திருக்கீக. உடன்படலைன்னு சொல்லி ஒங்கள எப்பிடிம்மா அனுப்புறது?" என்றார். பின்னாலேயே ஒரு டம்ளர் மோரும் வந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அவர் உன்னை விருந்தாளியா நினைச்சிருக்கார். விருந்தாளிகிட்ட யாரும் வீட்டுச் சங்கதியைச் சொல்லமாட்டாங்க. நாலு நாள் கழிச்சு மறுபடி போ. கேள்வித்தாள் இல்லாம போ" என்றார். நல்ல புத்திமதி. அதை மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதுதான்.

இரண்டாவது தரம் விழுந்ததைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, நம் துறையில் தொழில்முனைவோர் சந்திப்பு ஒன்று நடத்தினோம். நீங்களும் நடத்துவீர்கள், நடத்தித்தான் ஆகவேண்டும். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டோம். தொழில் செய்பவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்தார்கள். மதியம் கேள்வி நேரத்தில் ஓர் அம்மாள் எழுந்தார். பெயர் பஞ்சவர்ணம். கீழச்சிவல்பட்டிப் பக்கம் தையல் கொட்டகை வைத்திருக்கிறார், இருபத்திரண்டு மெஷின். சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறார்.

"நாளைக்கு எந்த ஆளு வரும்னு இன்னைக்கு எனக்குத் தெரியல டீச்சர். காலையில வந்து பாத்தாத்தான் தெரியுது. ஒங்க படிப்புல இதுக்கு ஏதும் மருந்து இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பணிக்கு வராமை என்பது எங்கள் துறையில் அரதப் பழசான தலைப்பு. அதைப் பற்றி நான் பாடமே எடுத்திருக்கிறேன். "இருக்கு" என்றேன். முன்வரிசை கைதட்டியது.

அந்த அம்மாள் கேட்ட கேள்வியை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். நாளை யார் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஆட்கள் வராமல் இருப்பதை எப்படி நிறுத்துவது என்று அவர் கேட்கவே இல்லை. எனக்குத் தெரிந்த கேள்வி அதுவாக இருந்ததால், அதையே அவரும் கேட்டதாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கொட்டகைக்குப் போய்வந்தேன். வருகைப் பதிவேட்டைப் படியெடுத்தேன். இருபத்திரண்டு பெயர், வராத நாளுக்குச் சிவப்பு மையில் சுழி. சுழிகள் தாராளமாகவே இருந்தன. பெண்கள் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேள்வி கேட்டேன். சில நாட்களில் பதிவேட்டில் இல்லாத முகங்கள் மெஷினில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். யார் என்று கேட்டதற்கு, "சும்மா இன்னைக்கி மட்டும்" என்றார்கள். தற்காலிக ஆட்கள் என்று குறித்துக்கொண்டு அவர்களை ஆய்விலிருந்து நீக்கிவிட்டேன். மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா.

அறிக்கையில் பன்னிரண்டு பரிந்துரைகள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பஞ்சவர்ணம் அதில் இரண்டை எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் ஒரு நாளும் விடாமல் வருபவருக்கு ஒரு பரிசு என்பது ஒன்று. பயிற்சி பெறாத தற்காலிக ஆட்களை மெஷினில் உட்கார அனுமதிக்கக் கூடாது என்பது இன்னொன்று. பொங்கல் முடிந்த கையோடு நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சிவப்புச் சுழியைத் தேட வேண்டியிருந்தது. ஏழு பெண்களுக்கு நானே போய்ப் பிரஷர் குக்கர் கொடுத்தேன். அந்தப் புகைப்படத்தைச் சென்னையில் ஒரு கருத்தரங்கில் திரையில் போட்டுப் பேசினேன். கட்டுரையும் எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன், சில வாரங்களிலேயே ஏற்றுக்கொண்டார்கள். கல்விக்கும் தொழிலுக்கும் பாலம் என்று நம் துறைச் செய்தி மடலில் என் படத்தின் கீழே போட்டிருந்தது. நான் அதை வெட்டி வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும்.

வைகாசி பிறந்தது. பள்ளி திறக்க எட்டு நாள் இருக்கையில் பஞ்சவர்ணம் போன் செய்தார்.

"டீச்சர், கொஞ்சம் வந்துட்டுப் போறீகளா?"

குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு மெஷினில் ஒன்பதுதான் ஓடுகிறது. வெட்டிய துணி சுவரோரம் இடுப்புயரத்துக்குக் கட்டுக் கட்டாக நிற்கிறது. மூன்று பள்ளிக்கூடத்திலும் திறக்கிற நாளன்று சீருடை கையில் இருக்க வேண்டும் என்று பேச்சு. தவறினால் அடுத்த வருடம் மதுரையிலிருந்து வரவழைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று பள்ளியும் போனால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். போதாததற்கு, பாதிப் பெண்கள் இருக்கும் பக்கத்து ஊரில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு என்று ஊர்க்கூட்டம் அந்த எட்டு நாளுக்குள்ளேயே நாள் குறித்துவிட்டது. மண் குதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே கோயிலுக்குப் போகும் அந்த நாளில் கொட்டகையைத் திறக்க முடியாது. சொந்தபந்தம் நான்கு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிடும்.

என் முதல் யோசனை என்ன தெரியுமா? பரிசைப் பெரிதாக்கலாம் என்று சொன்னேன். குக்கருக்குப் பதில் கிரைண்டர். வந்திருந்த ஒன்பது பேரில் செல்வி என்ற பெண், கையிலிருந்த சட்டையைத் தைத்து முடித்து நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தக் குக்கர்தான் டீச்சர் வினையே" என்றாள்.

"ஏம்மா?"

"எங்க வீட்ல நாங்க மூணு பொம்பளையாளு. நானு, எங்க ஓரகத்தி காளியம்மா, எங்க நாத்தனா. இந்த மெஷினு எங்க வீட்டு மெஷினு. நான் வர முடியலைன்னா காளியம்மாக்கா வரும். அதுக்கு முடியலைன்னா நாத்தனா வரும். மெஷினு சும்மா கெடக்காது. நீங்க குக்கரை என் கையில குடுத்தீக. மாடு கண்ணைப் பாத்து, எம் பிள்ளைகளைப் பாத்து, மூணு மாசம் நான் ஒரு நாளும் விடாம வரணும்னு வீட்டைச் சொமந்தது அவுக ரெண்டு பேரும். 'அவ குக்கர்ல வெந்த சோறு எனக்கு எதுக்கு'ன்னு காளியம்மாக்கா சொல்லிருச்சு. அது இன்னும் பெட்டியோட பரண்ல கெடக்கு."

"அவங்க ஏன் இப்ப வரலை?"

"வந்தாகளே. பேரு உள்ள ஆளு மட்டுந்தான்னு வாசல்லயே திருப்பி விட்டாச்சு. பெறகு யாரு வருவா? ஒரு நாள் லீவு போட்டாப் பரிசும் போச்சு, மாத்தாளும் இல்ல. மிச்ச நாள் வந்தா என்ன, வராட்டி என்னன்னு ஆளுக நின்னுட்டாக."

நான் அடுத்துக் கேட்டதுதான் இத்தனை வருட அனுபவத்தில் என் மோசமான கேள்வி. "நான் அத்தனை தடவை கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க எத்தனை நாள் வரலைன்னு கேட்டீக, சொன்னேன். ஒங்க வீட்ல எத்தனை நாள் வரலைன்னு நீங்க கேக்கலையே டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

நான் என்ன வெளிநாட்டிலா பிறந்தேன்? திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் ஊரில் கண்மாய் மராமத்து என்றால் தண்டோராக்காரர் 'வீட்டுக்கு ஓராள்' என்றுதான் கூவிக்கொண்டு போவார். அப்பா போனாலும் சரி, சித்தப்பா போனாலும் சரி, எங்கள் வீடு வந்ததாகக் கணக்கு. ஆளின் பெயரை யாரும் கேட்டதில்லை. இதைக் காதால் கேட்டு வளர்ந்தவள்தான் இருபத்திரண்டு பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, இருபத்திரண்டு வீடுகளைக் கோட்டை விட்டேன். ஆய்வின் அலகு எது என்று முதலில் தீர்மானியுங்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அன்று அந்தக் கொட்டகையில் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அழுதால் பஞ்சவர்ணம் வேலையை விட்டுவிட்டு எனக்குக் காப்பி வாங்க ஆளனுப்புவார் என்பதற்காகவே அடக்கிக்கொண்டேன்.

"போன் பண்ணிக் கூப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"வாசல்ல வச்சுத் திருப்பி விட்ட ஆளைப் போன்ல கூப்புட்டா வரமாட்டாக டீச்சர். நேர்ல போயி அழைக்கணும். நான் போயிக்கிறேன், நீங்க வீட்டுக்குப் போங்க."

"நானும் வர்றேன்."

"வேணாம். ஒங்க மருவாதிக்கு அது சரியா இருக்காது."

"திருப்பி விடச் சொல்லி எழுதினது நான்தானே" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அன்று ஆள் வராத பதின்மூன்று வீடுகளுக்கும், காளியம்மாளை அழைக்கச் செல்வி வீட்டுக்கும் போனோம். வெற்றிலைபாக்குத் தட்டு ஒன்றுதான் குறைச்சல், மற்றபடி கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரிதான். நெருக்கடியில் மூளைக்கு உடனே ஒரு திட்டம் வேண்டும் போலத் தோன்றும், உங்களுக்கும் தோன்றும். எனக்குத் தெருவில் நடக்கையிலேயே இரண்டு திட்டம் தோன்றியது. நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் நான் சொன்னது ஒன்றே ஒன்று: "யார் வரலாம், வரக்கூடாதுன்னு எழுதினது நான். தப்பு பண்ணிட்டேன். உங்க வீட்டுல யார் வந்தாலும் சரி, வாங்க."

செல்வி வீட்டில் காளியம்மாள் மாவிளக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நீங்கதானே பேரெல்லாம் எழுதிட்டுப் போனது" என்றார்.

"ஆமாம்மா."

"அதுல என் பேரு இருக்கா?"

"இல்லை."

"ஆறு வருசமா அந்த மெஷின்ல காலர் தச்சவ நான். செல்விக்குக் காலர் வராது, நேர் தையல்தான் வரும். பொங்கலுக்கு மறு வாரம் போனேன். வாசல்ல நிப்பாட்டி, ஒன் பேரு இல்லைன்னாக. அம்புட்டுப் பேரு பாக்கத் திரும்பி வந்தேன்."

பஞ்சவர்ணம் ஏதோ சொல்ல வந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அவங்க மேல தப்பில்லை. உங்களை அங்கே நான் பார்த்தேன். யாருன்னு சரியா விசாரிக்காம விட்டுட்டேன். அது எனக்கு ரொம்பக் கேவலமா இருக்கு" என்றேன். நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

காளியம்மாள் சலித்த மாவைத் தட்டி ஒருபக்கம் ஒதுக்கினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "சாப்புட்டீகளா ரெண்டு பேரும்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பதினாறு மெஷின் ஓடியது. காளியம்மாள் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார், செல்வியை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து காலர் தைக்க ஆரம்பித்தார். பதிவேட்டில் பெயர்களை அடித்துவிட்டு வீட்டுக்கு ஒரு பக்கம் போட்டோம். வீட்டில் யார் யாருக்குக் காலர் வரும், யாருக்குக் கைப்பட்டி வரும், யாருக்கு நேர் தையல் மட்டும் என்று அவர்களே சொன்னார்கள். மறுநாள் யார் வருவது என்று முதல் நாள் விளக்கு வைக்கும் முன் வீட்டிலிருந்து ஒரு போன். பஞ்சவர்ணம் முதலில் கேட்டது இவ்வளவுதான். இதற்கு அறிக்கையும் வேண்டாம், குக்கரும் வேண்டாம்.

அந்த ஒரு வாரம் நான் விடுப்புப் போட்டுவிட்டுக் கொட்டகையில் இருந்தேன். எனக்கு மெஷின் மிதிக்கத் தெரியாது. பொத்தான் தைத்தேன், பிசிறு வெட்டினேன். என் பொத்தான்களில் பாதியைக் காளியம்மாள் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னார்.

கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திருப்பி எடுத்துக்கொண்டேன். துறையில் மூத்தவர் ஒருவர், என்மேல் நிஜமான அக்கறை உள்ளவர், வேண்டாம் என்று தடுத்தார். "அந்த மூணு மாசத் தரவு பொய் இல்லையே? அதுக்கப்புறம் நடந்தது வேற ஆய்வு" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. பதவி உயர்வுக்கு அந்தக் கட்டுரை எனக்குத் தேவையாகவும் இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு வேறு ஊரில் வேறொருவர் யாரோ ஒரு காளியம்மாளை வாசலில் நிறுத்துவார் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டை அலகாக வைத்துப் பிறகு ஒரு கட்டுரை எழுதினேன். மாதிரி சிறியது, கோட்பாட்டுப் பங்களிப்பு போதாது என்று இரண்டு இதழ்கள் திருப்பிவிட்டன. மூன்றாவதாக ஒரு சின்ன இதழ் போட்டது. பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

கட்டுரைக் கதையை விட்டுக் கொட்டகைக்கு வருகிறேன். பள்ளி திறக்கும் நாள் வந்தது. இரண்டு பள்ளிக்கூடத்துக்கு முதல் நாளே கட்டுகள் போய்விட்டன. மூன்றாவது பள்ளிக்குப் பாதிகூட முடியவில்லை. தலைகீழாக நின்றும் முடியவில்லை. முடிந்தவரைக்கும் கட்டி எடுத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு நானும் பஞ்சவர்ணமும் அந்தப் பள்ளித் தலைமையாசிரியை அறை வாசலில் நின்றோம். உள்ளே கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை.

பஞ்சவர்ணம் சங்கதியைச் சொன்னார். ஆள் குறைந்துவிட்டது, இன்னும் நான்கு நாள் வேண்டும் என்று மட்டும். யாரால் குறைந்தது என்று சொல்லவில்லை. தலைமையாசிரியை முகம் சிவந்து, என் பக்கம் திரும்பினார்.

"இவங்க யாரு?"

பல்கலைக்கழகப் பேராசிரியர், இவர் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று பஞ்சவர்ணம் சொல்லியிருந்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் அவர்மேல் இருந்த பழி என்மேல் வந்திருக்கும், அவர் பிழைத்துக்கொண்டிருப்பார்.

"எங்க கொட்டகையில வேலை பாக்குறவுக" என்றார் பஞ்சவர்ணம்.

நான் முன்னால் ஒரு அடி வைத்து, "ஆள் கணக்கைப் போட்டது நான்தாங்க. அவங்க இல்லை. தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். தலைமையாசிரியை அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். பொறுப்பில்லாத ஆளையெல்லாம் வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று கால் மணி நேரம் திட்டினார். கைகட்டி நின்று கேட்டுக்கொண்டேன். கருத்தரங்கில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் வராத ஒரு நிம்மதி அன்று வந்தது. கடைசியில் நான்கு நாள் கொடுத்தார். அடுத்த வருடத்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் பஞ்சவர்ணத்திடம் நன்றி சொல்ல நினைத்தேன். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. வண்டியில் மிச்சக் கட்டை ஏற்றிக்கொண்டே, "நாளைக்கு எத்தனை மணிக்கு வாரீக டீச்சர்?" என்று கேட்டார்.

எட்டரைக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.